வேலை நேரத்தில், வேலையிடத்தில்

டீ நன்றாக இருந்தது. வீட்டில் இவ்வளவு சர்க்கரை போட்டுக் குடிக்க என் மகள் விடமாட்டாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசுகிறேனே. கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

தொடங்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள். நான் சொல்வதில் எதை விட்டாலும் மூன்று விஷயங்களை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். என் மாப்பிள்ளை இறந்தது வேலை நேரத்தில். இறந்தது தொழிற்சாலைக்குள்ளே, ஏழாம் நம்பர் பிரஸ்ஸில். அப்போது அவர் தனக்குக் கொடுத்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். ஏன் இதை இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும். அவசரமில்லை.

நாங்கள் செய்தது பெயிண்ட் டப்பா மூடி. பிரஸ் என்றால் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. நடுவில் தகட்டை வைத்துப் பொத்தானை அமுக்கினால் மேலச்சு இறங்கி ஒரு தட்டுத் தட்டும். மூடி தயார். தகடு இருக்கவேண்டிய இடத்தில் கை இருந்தால் கைக்கும் அதே தட்டுதான். அதற்காக ஒவ்வொரு மெஷினிலும் ஒரு விளக்கு வைத்திருப்பார்கள். நாங்கள் அதைக் கண் என்போம். கை உள்ளே போனால் கண் பார்த்துவிடும், மெஷின் நின்றுவிடும்.

கண் இருந்தால் வேகம் குறைகிறது என்று முதலாளி ஒரு சாவி செய்து தரச் சொன்னார். சாவியைத் திருப்பினால் கண் தூங்கிவிடும். ஆர்டர் நெருக்கும் நாட்களில் திருப்புவோம். அப்படி ஒரு நாளில்தான் சுருட்டைக்கு மூன்று விரல் போயிற்று. சுருட்டை என்பவன் எங்கள் ஆபரேட்டர், தலைமுடியால் வந்த பெயர். அது உண்மையான விபத்து. அதில் என் பங்கு சாவியைத் திருப்பியது மட்டும்தான். சாவி ஃபோர்மேனிடம் இருக்கும். ஃபோர்மேன் நான்.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பார்த்தால் நலம் விசாரிப்பார், வீட்டுக் கல்யாணங்களுக்கு வருவார். எங்கள் சம்பளத்தில் பிடித்ததை மட்டும் கட்டவேண்டிய இடத்தில் கட்டவில்லை. பிறகு சம்பளமே வரவில்லை. அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் என்பார். அதற்கடுத்த மாதம் அவருடைய கார் வரவில்லை. ஒரு நாள் ஆபீஸ் வாசலில் கோர்ட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கம்பெனி நொடித்துவிட்டது, இனி கோர்ட்டு நியமித்த நிர்வாகி பார்த்துக்கொள்வார் என்றது அது.

நிர்வாகி மரியாதையான மனிதர். ஃபோர்மேனையும் துப்புரவு ஆளையும் ஒரே மாதிரி "சார்" என்பார். கையில் இருக்கிற ஆர்டரை முடித்துக் கொடுத்தால் கம்பெனிக்குக் கொஞ்சம் விலை கிடைக்கும், அதுவரை மெஷின் ஓடட்டும் என்றார். அவர் வந்தபின் வேலை செய்த நாட்களுக்குக் கூலி வந்தது. அதற்கு முன் வரவேண்டியதைப் பற்றிக் கேட்டால், அது சட்டப்படி வரிசையில் வரும் என்றார்.

அந்த வரிசையைப் பற்றித்தான் வக்கீலம்மா வந்து விளக்கினார். சங்கத்து வக்கீல். கேன்டீனில் பெஞ்சு மேல் ஏறி நின்று பேசினார், எல்லோருக்கும் கேட்க வேண்டுமே.

"இருக்கறதை எல்லாம் வித்து வரிசையா கொடுப்பாங்க. முன்னாடி கோர்ட்டுச் செலவு. அப்புறம் பேங்க்கும் நீங்களும். உங்க பாக்கியில கொஞ்ச காலத்துதான் அந்த இடத்துல நிக்கும், மீதி பின்னாடி போயிடும். மெஷினெல்லாம் பழசு. கையில எவ்வளவு வரும்னு நான் பொய் சொல்ல விரும்பலை."

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற கட்டம் எல்லாம் தாண்டியாயிற்று. பேக்கிங்கில் வேலை செய்யும் அக்கா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது யாரோ கேட்டார்கள், சுருட்டைக்கு வரவேண்டிய கைப் பணமும் வரிசையில்தானா என்று.

"அது வேற. அது இந்த வரிசையிலயே இல்லை," என்றார் வக்கீலம்மா. "வேலையில அடிபட்டா நஷ்டஈடு தர்றதா இன்சூரன்ஸ் கம்பெனி ஒத்துக்கிட்டிருக்கு. முதலாளி திவாலானாலும் தொழிலாளி நேரா அவங்களையே கேக்கலாம். இப்ப வந்த தீர்ப்புல இதை இன்னும் தெளிவாவே சொல்லிட்டாங்க. நிர்வாகியும் பிரீமியத்தை நிறுத்தாம கட்டறார். அதனால சுருட்டை பயப்படவே வேண்டாம்."

எல்லோரும் சுருட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு நாளும் அவனைப் பாவமாகப் பார்த்தவர்கள். அன்றைக்கு அந்தப் பார்வை வேறாக இருந்தது. அவன் கையை மடியில் மறைத்துக்கொண்டான். வக்கீலம்மா மேல் எந்தக் குற்றமும் இல்லை, அதையும் எழுதுங்கள். கேட்டதற்குப் பதில் சொன்னார்.

நெட்டை என்று ஓர் ஆபரேட்டர். ஆளும் நெட்டை, பேச்சும் நெட்டை, ஆனால் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டபின் பேச்சு குறைந்துவிட்டது. வாரம் இரண்டு தடவை அவளுக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். நகை போயிற்று, வண்டி போயிற்று. ஒருநாள் கம்ப்ரஸர் அறைப் பக்கம் என்னைத் தேடி வந்தான்.

"ஒரு வழி சொல்லுங்கண்ணே. இந்தத் தடவை விட்டா தண்ணி நெஞ்சுக்கு ஏறிடும்னு டாக்டர் சொல்றார். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, என்னை விட்டுடுங்கங்கறா."

"வக்கீலம்மா சொன்னதைக் கேட்டியா?"

"வரிசை நீளம்னாங்க."

"வரிசையில நிக்காத ஆள் ஒருத்தன் இருக்கான்னும் சொன்னாங்க."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தன் இடது கையைப் பார்த்தான்.  

எந்த விரலுக்கு எவ்வளவு என்று சட்டத்திலேயே அட்டவணை இருக்கிறது. கட்டைவிரலுக்கு அதிகம், சுண்டுவிரலுக்குக் குறைவு. அதை எழுதியவன் நானில்லை. நெட்டை சுண்டுவிரல் போதும் என்றான். சுண்டுவிரலுக்கு வரும் பணத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் தாண்ட முடியாது என்று எடுத்துச் சொன்னேன். பணம் வரத் தாமதமானாலும், வருவது உறுதி என்று தெரிந்தால் வட்டிக்காரன் வீடு தேடி வருவான் என்றும் சொன்னேன். அப்படித்தான் நடந்தது. ஆள் முழுசாக இருந்தபோது கதவைச் சாத்தியவர்கள் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்கள்.

காலை டீ முடிந்து எல்லோரும் திரும்புவதற்குச் சற்று முன்னால், ஏழாம் நம்பரில் செய்தோம். கண்ணைத் தூங்கவைத்தேன். அவன் கையை வைத்தான், நான் பொத்தானை அமுக்கினேன். அவன் கத்தவில்லை. "பார்த்துட்டீங்களாண்ணே" என்று கேட்டான், நான் சோதிக்கவேண்டிய ஒரு மூடியைப் பற்றிக் கேட்பதுபோல. அதன்பின்தான் உட்கார்ந்தான்.

அவன் மனைவி பிழைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது எனக்குக் கும்பிடு போட்டாள். அவளுக்கு விஷயம் தெரியாது, கணவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதன் என்றுதான் கும்பிட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி.

அதற்குப் பிறகு நான் யாரையும் தேடிப் போகவில்லை. அவர்களே வந்தார்கள். பேக்கிங் அக்கா வந்தாள். தங்கையின் வீட்டை அடமானம் வைத்து அவள் கடன் வாங்கியிருந்தாள். வீட்டைப் பூட்டுவதற்கு ஆட்கள் வந்து தேதி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள், தங்கையின் கணவர் மட்டும் தினமும் போன் செய்து, நீயே சொல்லு நாங்க எங்க போறது என்று கேட்பாராம்.

"இடது கைதானேண்ணே? வலது கை போனா வீட்டுல அடுப்பு எரியாது."

"இடதுதான்."

"மோதிரத்தைக் கழட்டிடறேன். அதாவது மிஞ்சட்டும்."

பொறுமையாகச் சோப்பு போட்டுக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கை நடுங்கியது. நடுங்கினால் வைக்கவேண்டிய இடம் தவறிவிடும், தேவைக்கு மேல் போய்விடும். அதனால் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். என் தங்கைக்குத் தடுப்பூசி போட்டபோது இப்படித்தான் பிடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். அவள் சிரிக்கப் பார்த்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினாள்.

இங்கே ஓர் இடைச்செருகல். நெட்டையும் அக்காவும் சம்மதித்தார்கள் என்று உங்கள் காதுக்குத்தான் சொன்னேன். எழுதும்போது அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் தந்திரமாகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பணம் நிற்கக்கூடாது. நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். சரி, யோசித்துச் செய்யுங்கள்.

மூன்றாவது ஆள் தகடு வெட்டும் பிரிவில் இருந்தவன். பாட்டுக்காரன் என்போம். பழைய பாட்டுகளை மெஷின் சத்தத்தையும் மீறிப் பாடுவான். அவனும் ஒரு வாரம் என் பின்னாலேயே சுற்றினான். பெற்றவர்கள், கடன், வீட்டு வாடகை என்று எல்லோருக்கும் இருக்கிற அதே கதை. சரி என்றேன். கையை வைத்தான். வைத்தபின், "வேணாம்ணே, எனக்கு வேணாம், விட்டுடுங்க" என்றான்.

மனசு மாறுவது பயத்தால் வருவது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த நேரத்தில் எனக்குப் பட்டது. மறுநாள் அவனே வந்து, ஏண்ணே விட்டீங்க என்று கேட்பான். மறுபடி ஆளில்லாத நேரம் பார்க்க வேண்டும், மறுபடி சாவி, மறுபடி பயம். இதையெல்லாம் யோசித்தேன். ஒரு நொடிக்குள் இவ்வளவு யோசிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். பொத்தானை அமுக்கினேன். அவன் இழுத்துக்கொண்டிருந்ததால் கை குறுக்கே மாட்டி மணிக்கட்டோடு போயிற்று. அட்டவணைப்படி அதற்கு இன்னும் அதிகம்.

அவன் மனைவியிடம், மெஷினுக்கு ஆரம்பித்த வேலையைப் பாதியில் நிறுத்தத் தெரியாதம்மா என்று சொன்னேன். மெஷினைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

இனி மாப்பிள்ளை. அவரை அந்த வேலையில் சேர்த்ததே நான்தான். அச்சு கட்டுகிற வேலை. ஒவ்வொரு ஆர்டருக்கும் அச்சை மாற்றவேண்டும், அதற்கு மெஷினுக்குள் தலையையும் தோளையும் விட்டு ஸ்பேனரால் முடுக்க வேண்டும். பொறுமைசாலிக்குத்தான் அந்த வேலை வரும். அவர் பொறுமைசாலி. எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது மாப்பிள்ளைதான், மகள் இல்லை. அவளுக்குக் கண்ணைப் பார்த்தால் பயம். "மேல பாருங்க மாமா, அந்தப் பல்லியைப் பாருங்க" என்பார். பல்லியே இருக்காது. நான் தேடிக்கொண்டிருக்கும்போது சொட்டு விழுந்துவிடும்.

நாங்கள் மூவரும் ஒரே வீடு. என் மனைவி போன பிறகு மகள் என்னைத் தனியாக இருக்க விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார். வாளியை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிழிந்து என்னிடம் கொடுத்தார்.

"மாமா, ஏழாம் நம்பர் கண்ணு தூங்கிட்டே இருக்கு. நான் எழுப்பி வெச்சாலும் மறுபடி தூங்குது."

"பழைய மெஷின் மாப்பிள்ளை."

"பாட்டுக்காரனைப் பார்க்கப் போயிருந்தேன். எல்லாத்தையும் சொல்லிட்டான்."

நான் சட்டையை உதறிக் கொடியில் போட்டேன். "அவங்க கேட்டாங்க, நான் செஞ்சேன். வேற யாரு செஞ்சாங்க அவங்களுக்கு? முதலாளியா, கோர்ட்டா?"

"அவன் வேணாம்னு சொன்னானாமே."

"கடைசி நேரத்துல சொன்னான்."

"வேணாம்னா வேணாம்தானே மாமா. எந்த நேரத்துல சொன்னா என்ன?"

அவர் குரலை உயர்த்தவில்லை. கீழே மகள் இருந்தாள் என்பதனாலும் இருக்கலாம். கண் மட்டும் கலங்கியிருந்தது. "நாளைக்குக் காலையில அந்தக் கடைசி அச்சைக் கட்டிக் கொடுத்துட்டு நிர்வாகிகிட்ட போகலாம். நாமளே போய்ச் சொல்லிடலாம். நானும் கூட வர்றேன், உங்களைத் தனியா விட மாட்டேன். அந்தச் சாவியை மட்டும் இப்ப என்கிட்ட கொடுத்துடுங்க."

கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றைக்குப் படுக்கையில் கணக்காக யோசித்துப் பார்த்தேன். சொன்னால் நெட்டைக்கு வரவேண்டியது நிற்கும், அவன் மனைவி திரும்பவும் மூச்சுக்குத் தவிப்பாள். அக்காவுக்கு விரலும் இல்லை வீடும் இல்லை என்றாகும். பாட்டுக்காரன் வாங்கிய அடிக்கு அர்த்தமே இல்லாமல் போகும். மாப்பிள்ளைக்கோ அந்த ஆர்டர் முடிந்தால் வேலை இல்லை. அச்சு கட்டுகிறவனை இப்போது எங்கே எடுக்கிறார்கள், எல்லாம் கம்ப்யூட்டர். சொந்த வீடு இல்லை, சேமிப்பு இல்லை. என் மகளுக்கு மாவு அரைத்து விற்கலாம் என்று ஒரு யோசனை, அதற்கும் முதல் இல்லை. இன்னொரு பக்கம், அந்த அட்டவணையில் கைக்கும் காலுக்கும் மேலே, எல்லாவற்றையும்விட அதிகமாக எழுதியிருப்பது உயிருக்கு. உயிரோடிருந்து அவரால் என் மகளுக்கு எந்தக் காலத்திலும் தரமுடியாததை அவர் ஒரே நாளில் தந்துவிட முடியும். ஒரு தகப்பன் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை இருவரும் சேர்ந்தே போனோம். ஏழாம் நம்பரில் அவர் அச்சைக் கட்ட உள்ளே நுழைந்தார். உள்ளே ஆள் இருக்கும்போது மேலச்சு இறங்காமல் ஓர் இரும்பு முட்டுக்கட்டையை நிறுத்தி வைப்போம், கரண்டையும் நிறுத்திவிடுவோம். நான் முட்டுக்கட்டையை எடுத்தேன். என்னிடம் இருந்த சாவியால் கண்ணைத் தூங்க வைத்தேன். கரண்டைப் போட்டேன். பொத்தானை அமுக்கினேன். வலி தெரிந்திருக்காது. அதை நான் மகளிடம் சொன்னேன், அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கொடுத்த சாவியை நான் மறந்துபோனதுதான் வினையாயிற்று. மாப்பிள்ளையின் சட்டைப் பையில் அதை இன்சூரன்ஸ்காரர்கள் கண்டெடுத்தார்கள். ஒரே மெஷினில் இத்தனை பேர், இறந்தவன் பையில் கண்ணைத் தூங்கவைக்கிற சாவி. இத்தனை நாளும் இவன்தான் காசு வாங்கிக்கொண்டு ஆட்களுக்கு அடிபட வைத்திருக்கிறான், கடைசியில் தன் வலையில் தானே விழுந்தான், இது விபத்தே இல்லை என்று எழுதிவிட்டார்கள். என் மகளுக்கு ஒன்றும் கிடையாது என்றார்கள். மற்ற மூவருக்கும் நிறுத்திவைத்தார்கள். நெட்டைக்குக் கடன் கொடுத்தவர்கள் அவன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் மனைவிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பணம் போனதைவிட, வேலையிடத்தில் மாப்பிள்ளையைத் திருடன் என்று பேசியதுதான் என் மகளை உடைத்தது. மூலையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் சோறு பிசைந்து கொடுத்தேன். தட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"'மாமாவும் நானும் நாளைக்கு ஒரு இடத்துக்குப் போகணும்'னு அன்னிக்கு ராத்திரி அவர் சொன்னார். எங்கே போறதா இருந்தீங்கப்பா?"

"ஆபீஸ் விஷயமா."

"என்ன ஆபீஸ் விஷயம்?"

"சாப்பிடும்மா, அப்புறம் சொல்றேன்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அப்புறம்தான் வக்கீலம்மாவிடம் போனேன். பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். வேலை நேரத்தில் ஒரு தொழிலாளியை இன்னொருவன் வேண்டுமென்றே கொன்றுவிட்டால் அதற்கு நஷ்டஈடு உண்டா என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கொன்னவன் பக்கத்துலேர்ந்து பார்த்தா அது கொலை. செத்தவன் பக்கத்துலேர்ந்து பார்த்தா எதிர்பாராம வந்ததுதானே? வேலை அவனை அந்த இடத்துல கொண்டுபோய் நிறுத்தியிருந்தா அதையும் விபத்தாவே எடுத்துக்கணும்னு கோர்ட்டுகள் சொல்லியிருக்கு. வேலை நேரமா, வேலையிடமா, வேலைதான் செஞ்சானா, இதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. யாருக்காகக் கேக்கறீங்க?"

எனக்காகத்தான் என்றேன். அவர் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டு நேரே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஆக, நான் சொன்னது எல்லாம் சரியாக எழுதப்பட்டால் மாப்பிள்ளை மேல் விழுந்த பழி போகும். என் மகளுக்குச் சேரவேண்டியது சேரும். நீங்கள் சொல்கிறீர்கள், அவள் காலையில் இங்கே வந்திருந்தாள், எந்தப் பணமும் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள் என்று. இப்போது அப்படித்தான் சொல்வாள். எதையுமே முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மெஷினுக்குள் இருந்தபோது மாப்பிள்ளை ஏதாவது பேசினாரா என்று. அதை நான் மறைப்பதற்காக விடவில்லை. நஷ்டஈட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதனால் விட்டேன்.

பேசினார். அவருடைய கால்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. ஒரு காலின் செருப்பு கழன்று கிடந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக் கூடாது. ராத்திரி பூரா இதையேதான் நினைச்சேன். உங்களுக்கும்தான் சம்பளம் வரலை. நமக்கும்தான் கடன் இருக்கு. அது அவ்வளவு நல்ல வழின்னா, நீங்க ஏன் உங்க கையை வைக்கலை?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் புத்தி கிடையாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது. பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. நான் என் கைகளைப் பார்த்தேன். இரண்டு கையிலும் எல்லா விரலும் இருந்தன. ஒரு பதில் சொல்ல நிறைய நேரம் இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்துவிட்டேன் என்று சற்று முன் சொன்னேன். முடிவு செய்தது உண்மை. விடியும்போது அது கரைந்துபோயிருந்ததும் உண்மை. காலையில் நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன், நிர்வாகி முன்னால் நிற்க வேண்டுமே என்று. என்ன சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் மாப்பிள்ளை சொல்லித் தந்துகொண்டே வந்தார், நானும் தலையாட்டிக்கொண்டு வந்தேன். அவர் உள்ளே நுழையும் முன் கரண்டை நிறுத்தியது நான். முட்டுக்கட்டையைச் சரியாக நிறுத்தி, அசைத்துப் பார்த்து, "நுழைங்க மாப்பிள்ளை" என்று சொன்னதும் நான்தான்.

அந்தக் கேள்வியை அவர் கேட்கும்வரை முட்டுக்கட்டை அங்கேதான் இருந்தது.